ஆடிச் செடலில் மூத்த பாட்டுக்காரர் கச்சேரி: நேரடிப் பதிவும் நினைவுப் பதிவும் எப்படிச் செய்வது?

கெடிலக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் செடல் திருவிழாவில், எண்பதை நெருங்கும் நாட்டுப்புறப் பாடகர் ஒருவரின் கச்சேரி நடக்கப் போகிறது. அம்மன் வர்ணிப்பு, நடவுப் பாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி எல்லாம் பாடுவார். பக்கவாத்தியம் ஆர்மோனியம், டோலக், பம்பை, உடுக்கை, தாளம். கூடவே ஒரு பின்பாட்டுக்காரர். சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரை வரை. திறந்தவெளிக் கொட்டகை, தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர், மேடை ஓரத்தில் இரண்டு பாக்ஸ், பின்னால் ஜெனரேட்டர்.

கையில் இருப்பது ஸூம் ஹெச் 5 ரெக்கார்டர் ஒன்று, ஷூர் எஸ்.எம். 58 மைக் இரண்டு, ஒரு செல்போன். மைக் செட்காரரிடம் சின்ன மிக்ஸர் உண்டு. அதிகம் போனால் ஐயாயிரம் ரூபாய் செலவு செய்யலாம். கேள்விகள்:

குரலை மிக்ஸரிலிருந்து எடுப்பதா, தனி மைக் வைப்பதா? பம்பை அடித்தால் எல்லாம் கரகரவென்று போய்விடுகிறதே, அதற்கு என்ன வழி? கச்சேரி முடிந்த பிறகு ஐயாவின் பழைய நினைவுகளையும் பதிவு செய்ய வேண்டும், அதை எப்படிக் கேட்டு வாங்குவது? அவர் வீட்டில் எண்பதுகளில் பதிந்த கச்சேரி கேசட் நாலைந்து கிடக்கிறது, அதை என்ன செய்யலாம்?

---

வெள்ளாறு எழுதியது:

முதல் இரண்டு கேள்விக்கும் சேர்த்தே சொல்கிறேன். மிக்ஸரிலிருந்து மட்டும் எடுத்தால் குரல் முன்னால் வந்து நிற்கும், பம்பை ஏதோ பக்கத்துத் தெருவில் அடிப்பது போல் கேட்கும். காரணம் எளிது. பம்பைக்கும் உடுக்கைக்கும் மைக் தேவையில்லை, அதன் சத்தமே போதும் என்று மைக் செட்காரர் விட்டுவிடுவார். மைக்கில் வராதது மிக்ஸரிலும் இருக்காது. கூட்டத்திலிருந்து மட்டும் பதிந்தால் நேர் எதிர்: பம்பை மேலே, குரல் குழாய் ஸ்பீக்கரின் மூக்கடைப்போடு கீழே. அதனால் குரலுக்குக் கிட்டத்தில் ஒன்று, மொத்தச் சத்தத்துக்குத் தள்ளி ஒன்று என்று இரண்டும் வேண்டும். ஹெச் 5-இல் மேலே இருக்கும் ஜோடி மைக், கீழே வெளி மைக் வயர் மாட்ட இரண்டு ஓட்டை, ஆக நாலு டிராக். உங்கள் வேலைக்கு அது போதும்.

பாடகர் மைக்கை ஸ்டாண்டில் மாட்டச் சொல்லுங்கள். மைக் செட்காரரின் மைக்கோடு உங்கள் 58 ஒன்றை ஒட்டி வைத்து இன்சுலேஷன் டேப்பால் இரண்டு சுற்று சுற்றுங்கள். இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று முன்னே ஒன்று பின்னே இருந்தால் பின்னால் இருப்பதில் குரல் மெலிந்துவிடும். உங்களுடையது நேராக ரெக்கார்டரின் முதல் ஓட்டைக்குப் போகட்டும். மிக்ஸர்காரர் நடுவில் எதைத் திருகினாலும் உங்கள் குரல் டிராக்குக்கு ஒன்றும் ஆகாது. ஒரே மைக்கை வெறும் ஒய் வயர் போட்டு இரண்டு பக்கமும் பிரிக்காதீர்கள். ஒரு பக்கம் ஃபேண்டம் பவர் (வயர் வழியாக மைக்குக்குக் கொடுக்கும் மின்சாரம்) போட்டால் அது மறுபக்கமும் ஏறும், ஜெனரேட்டர் இரைச்சலும் அந்த வழியே வந்து சேரும். 58 டைனமிக் மைக், அதற்கு ஃபேண்டம் தேவையே இல்லை. அணைத்து வைத்தால் பேட்டரியும் மிஞ்சும்.

இரண்டாவது 58 ஆர்மோனியத்துக்கு. துருத்தி அடிக்கும் பக்கம் வைத்தால் 'புஸ் புஸ்' என்ற காற்றுச் சத்தமும் பலகை தட்டுவதும் வரும். கட்டைகள் இருக்கும் பக்கம், மேலே ஒன்றரை அடி உயரத்தில், பம்பைக்கு முதுகு காட்டித் திருப்பி வையுங்கள். 58 பின்பக்கச் சத்தத்தைக் குறைத்தே வாங்கும்.

ரெக்கார்டரை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பாதி வெற்றி. பாக்ஸ் ஸ்பீக்கர்கள் கூட்டத்தைப் பார்த்து நிற்கும். அந்த ஸ்பீக்கர் கோட்டுக்கும் மேடைக்கும் நடுவில், மேடை விளிம்பிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, ஆறடிக்கு மேல் உயரமான ஸ்டாண்டில், மைக்கைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். ஸ்பீக்கரைத் தாண்டிக் கூட்டத்துக்குள் போனால் ஸ்பீக்கர் சத்தத்தைத்தான் பதிவீர்கள். பம்பைக்காரரும் உடுக்கைக்காரரும் மேடையின் இரண்டு ஓரத்தில் உட்காரச் சம்மதித்தால் பதிவில் இடம் வலம் தெளிவாகப் பிரியும். ஆனால் அவர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துத்தான் அடிப்பார்கள். சம்மதிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். வாசிப்பு கெட்டால் ஸ்டீரியோ எதற்கு?

கரகரப்பு வருவது லெவல் அதிகமாக இருப்பதால். ஒத்திகையில் பாடகர் பாதிக் குரலில்தான் பாடுவார், பம்பைக்காரர் விரலால் தட்டிக் காட்டுவார். அந்த அளவுக்கு லெவல் வைத்தால் முதல் வர்ணிப்பிலேயே போய்விடும். ஒத்திகையில் உச்சம் மைனஸ் 18 டெசிபலைத் தொட்டால் போதும். கச்சேரியில் அது தானாக மைனஸ் 10-க்கு ஏறிவிடும். 24 பிட்டில் பதிந்தால் குறைவாகப் பதிந்ததைப் பிறகு தூக்கலாம், பழுதில்லை. சுழியைத் தாண்டி வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளும் முழுதாகத் திருப்பித் தராது. ஆட்டோ லெவலை அவசியம் அணையுங்கள். அது இருந்தால் பம்பை அடிக்கும்போதெல்லாம் குரல் அமுங்கி, நின்றதும் குப்பென்று மேலே வரும். ஜோடி மைக்குக்கு 12 டெசிபல் குறைவாக இன்னொரு கோப்பும் கூடவே பதியும் பேக்கப் வசதி ஹெச் 5-இல் உண்டு. போட்டு வையுங்கள்.

அளவு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ். நாலு டிராக்குக்கு மணிக்கு ஏறக்குறைய 2.1 ஜிபி ஆகும். இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கும் முன்பின்னுக்கும் சேர்த்து 32 ஜிபி கார்டு தாராளம். எம்பி3 வேண்டாம், உடுக்கை, தாளத்தின் கூர்மைதான் அதில் முதலில் மழுங்கும்.

தொடங்கும் முன் பாடகர் மைக்குக்கு முன்னால் பளிச்சென்று ஒரு கைதட்டல் தட்டிப் பதியுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு மீட்டர் தாண்ட சுமார் 2.9 மில்லிசெகண்ட். மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் ஜோடி மைக்குக்குக் குரல் 9 மில்லிசெகண்ட் தாமதமாகச் சேரும். இரண்டையும் அப்படியே கலந்தால் குரல் குடத்துக்குள் பாடுவது போல் ஆகும். கைதட்டல் முனையைப் பார்த்துக் குரல் டிராக்கை அந்த அளவு தாமதமாகத் தொடங்கும்படி நகர்த்தினால் சரியாகிவிடும். செல்போனையும் ஓர் ஓரத்தில் ஓட விடுங்கள், ஆனால் அதன் கடிகாரம் வேறு. முடிவிலும் ஒரு தட்டு தட்டினால்தான் எவ்வளவு விலகியது என்று தெரியும்.

---

முத்தியால்பேட்டை எழுதியது:

வெள்ளாறு அண்ணன் சொன்னதோடு மின்சாரமும் காற்றும்.

ரெக்கார்டரைப் பேட்டரியில் மட்டுமே ஓட்டுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும் அந்தச் சில நொடியில் அடாப்டரில் ஓடும் ரெக்கார்டர் நின்றுவிடும். பாதியில் நின்ற கோப்பு சரியாக மூடப்படாமல் திறக்க முடியாமலே போகலாம். புது ஆல்கலைன் செல் இரண்டு போட்டு, மெனுவில் செல் வகையையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். சார்ஜ் செய்யும் செல்லைப் போட்டுவிட்டு மெனுவில் ஆல்கலைன் என்று விட்டால் பேட்டரி அளவைத் தப்பாகக் காட்டும். மணிக்கு ஒருமுறை, ஐயா தண்ணீர் குடிக்கும் இடைவெளியில், நிறுத்தி உடனே மறுபடி தொடங்குங்கள். ஏதாவது ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாது.

ஆர்மோனிய மைக்கை விட்டுவிட்டு மிக்ஸரிலிருந்து ஒரு வயர் எடுப்பதானால் மிக்ஸரின் ரெக் அவுட் அல்லது ஆக்ஸ் என்று எழுதிய முனை மட்டும்தான். ஆம்ப்ளிஃபயர் பின்னால் குழாய் ஸ்பீக்கருக்குப் போகும் முனையில் 100 வோல்ட் லைன் இருக்கும். 'இதுவும் அவுட்தானே' என்று யாராவது அதில் மாட்டிவிட்டால் ரெக்கார்டர் அன்றோடு சரி. ரெக் அவுட்டிலிருந்து எடுத்தாலும் சத்தம் ஓங்கி வரும், ஹெச் 5-இல் சத்தத்தைக் குறைத்து வாங்கும் மைனஸ் 20 டெசிபல் பேட் போட்டுவிடுங்கள். 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பெட்டி (இரைச்சல் தாண்டாமல் இரண்டு கருவியையும் பிரித்து வைக்கும் சின்னப் பெட்டி) ஒன்று, ஐயாயிரத்தில் அதற்கும் இடம் இருக்கிறது. 'ஜிர்ர்' என்று வந்தால் அது சீரியல் செட்டின் வேலை. மைக் வயர் சீரியல் லைட் வயரோடு ஒட்டிப் போகக் கூடாது. தாண்டியே ஆக வேண்டுமென்றால் குறுக்காகத் தாண்டட்டும்.

ஆடிக் காற்று சும்மா விடாது. சாதாரணப் பஞ்சு உறை வீட்டுக்குள் பேசத்தான் சரி. வெளியில் முடி வைத்த உறை வேண்டும், வாங்க வேண்டிய முதல் பொருள் அதுதான். குரல் மைக்குக்கு 80 ஹெர்ட்ஸ் லோ கட் (அதற்குக் கீழான அடிச் சத்தத்தை வெட்டுவது) போடலாம். ஜோடி மைக்குக்குப் போட வேண்டாம். பம்பையின் அடிச் சத்தமும் கூட்டத்தின் கனமும் சேர்ந்தே போய்விடும். ஏ.சி. காரில் கொண்டு வந்தால் அரை மணி முன்பே பையைத் திறந்து வையுங்கள், நம் கடலோர ஈரத்தில் மைக் வியர்க்கும். ஆடியில் சாயங்கால மழை திடீரென்று கொட்டும். ஸ்டாண்டில் கட்டத் தயாராக ஒரு குடை இருக்கட்டும். பாலிதீன் மூடினால் மழைத்துளி அதில் படபடவென்று அடிப்பதுதான் பதிவாகும்.

ஜெனரேட்டர் மேடைக்குப் பின்னால் என்று எழுதியிருக்கிறீர்கள். மைக் செட்காரரிடம் முன்கூட்டியே பேசி நூறடி தள்ளி, கோயில் மதிலுக்கு மறுபுறம் வைக்கச் சொல்லுங்கள். வயர் கொஞ்சம் கூடச் செலவாகும், அதை நீங்கள் கொடுத்துவிடுங்கள். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. ஒன்பதரைக்கு முடிப்பதாக இருந்தால் ஏழுக்குத் தொடங்கியே ஆக வேண்டும். பாராட்டு, பொன்னாடை எல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளட்டும்.

---

திருவந்திபுரம் எழுதியது:

நினைவுப் பதிவைப் பற்றி. கச்சேரி ராத்திரியே மைக்கை நீட்டாதீர்கள். இரண்டரை மணி நேரம் பாடிய எண்பது வயதுத் தொண்டைக்கு ஓய்வு வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து, காலை டிபன் முடிந்து பத்து மணிவாக்கில் போங்கள். ஒரு அமர்வு ஒரு மணி நேரம், அதற்கு மேல் இழுக்க வேண்டாம்; இன்னொரு நாள் போகலாம்.

ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். ஃபேன் நின்றால் புழுங்கும், கொசுவும் வரும். அதனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடைவெளி விட்டு ஃபேன் போடுங்கள். வெறும் சுவர் அறையில் எதிரொலிக்கும். துணி மாட்டிய கொடி, மெத்தை, பாய் இருக்கும் அறை நல்லது. மைக் வாயிலிருந்து ஒரு அடி, கொஞ்சம் பக்கவாட்டில். பொய்ப்பல் கட்டியவர் என்றால் நேர் எதிரே வைத்தால் 'ஸ்', 'ச' எல்லாம் குத்தும். அவர் பேசும்போது நீங்கள் 'ஆமாங்க', 'ஓகோ' என்று சொல்லாதீர்கள், தலையாட்டினால் போதும். உங்கள் 'ஓகோ' எல்லாம் பிறகு அவர் பேச்சின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

'உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று தொடங்கினால் மேடையில் வழக்கமாகச் சொல்லும் நாலு வரிதான் வரும். கச்சேரிப் பதிவைக் கொண்டு போய், அவருக்கு நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுங்கள். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் நிறுத்துங்கள். இதை எந்த வாத்தியாரிடம் எடுத்தீர்கள்? எந்த ஊர்ச் செட்டில்? இந்த அடியை இப்போது மட்டும் ஏன் இரண்டு தரம் திருப்பினீர்கள்? பம்பை அங்கே முந்திவிட்டதே, எப்படிச் சமாளித்தீர்கள்? இப்படிக் கேட்டால் சரசரவென்று வரும். தன் குரலைக் கேட்கும்போது வரும் ஞாபகம் வெறுமனே கேட்டால் வராது. போட்டுக் காட்டும் நேரத்திலும் ரெக்கார்டர் ஓடட்டும். பாட்டோடு கூடவே அவர் முணுமுணுக்கும் மாற்று அடிகள் தங்கம்.

பெரியவர்கள் வருஷம் சொல்ல மாட்டார்கள், சம்பவம்தான் சொல்வார்கள். அதை வைத்தே பிடிக்கலாம். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து மாறியது 1954 நவம்பர் 1. தென்னாற்காடு ஜில்லா பிரிந்தது 1993. சுனாமி 2004 டிசம்பர் 26. தானே புயல் 2011 டிசம்பர் 30. 'நெய்வேலியில் சுரங்கம் வருவதற்கு முன்னாலா பின்னாலா?', 'தானேயில் கொட்டகை போனதே, அதற்கு எத்தனை ஆடி முன்னால்?' என்று கேளுங்கள். அவர் சொல்வது கணக்குக்கு இடித்தால் அங்கேயே திருத்தாதீர்கள். குறித்துக்கொண்டு இன்னொரு வழியில் பிறகு கேளுங்கள். பழைய திருவிழா நோட்டீஸ் வீட்டில் இருக்கும். அதில் தேதி, செட்டின் பெயர், உபயதாரர் எல்லாம் அச்சாகி இருக்கும். பாட்டு நோட்டு இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், நோட்டை வாங்கிக்கொண்டு போக வேண்டாம்.

பின்பாட்டுக்காரரை ஒரு அமர்வுக்குக் கூட உட்கார வையுங்கள். ஐயா விட்டதை அவர் எடுத்துக் கொடுப்பார். இருவருக்கும் கருத்து மாறினால் அந்தப் பேச்சுதான் பதிவின் சிறந்த பகுதியாக இருக்கும்.

கடைசியாக, நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் பக்கவாத்தியம் இல்லாமல் ஒருமுறை பாடச் சொல்லிக் கேளுங்கள். மேடைக்காக ஆர்மோனியத்தோடு சேர்த்துப் பாடும்போது மெட்டு ஆர்மோனியக் கட்டைகளுக்குள் அடங்கிவிடும். தனியாகப் பாடினால் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் அசைவு வெளியே வரும். ஒப்பாரியை மட்டும் வீட்டில் பாட வைக்கும் முன் அவர் வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல நாளில் வீட்டுக்குள் ஒப்பாரி கூடாது என்பார்கள். தோப்பிலோ களத்து மேட்டிலோ பாடச் சொல்லலாம்.

---

கெடிலக்கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். கச்சேரியில் எங்காவது குரல் தடுமாறினால் ஒத்திகையிலிருந்து வெட்டி ஒட்டலாமா? இதை யூடியூபில் போட அனுமதி எப்படி வாங்குவது?

---

பாகூர் ஏரி எழுதியது:

வெட்டி ஒட்டுவது பெரிய பெயர்கள் செய்ததுதான். அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் 1968 ஜனவரி 13 அன்று கலிஃபோர்னியாவின் ஃபால்சம் சிறைக்குள் கைதிகள் முன்னால் பாடிய நேரடிப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பிசகினால் இன்னொன்று இருக்கட்டும் என்று அதே நாளில் இரண்டு கச்சேரி நடத்தினார்கள். இசைத்தட்டின் பெரும்பகுதி முதல் கச்சேரி, இரண்டாவதிலிருந்து எடுத்தது கொஞ்சமே. கைதிகளின் ஆரவாரம் ஒன்றைப் பிறகு சேர்த்ததும் பின்னாளில் வெளியே வந்தது. இரண்டு தரம் பதிவது என்ற யோசனையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஒத்திகையை முழுக்கப் பதியுங்கள், லெவலும் அங்கேயே கைக்கு வந்துவிடும். ஆனால் எதையும் ஒட்ட வேண்டாம். இந்த வயதில் குரல் உடைவதும், பின்பாட்டுக்காரர் அந்த இடத்தில் கைகொடுப்பதும் கச்சேரியில் சேர்ந்தவை. ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அது தனிக் கோப்பு. மூலக் கோப்பில் கை வைக்கக் கூடாது.

அனுமதிக்கு: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு, 50 ஆண்டு நிற்கும். 2012 திருத்தத்துக்குப் பிறகு தன் பெயர் போட வேண்டும், பாட்டைச் சிதைக்கக் கூடாது என்று கேட்கும் உரிமையும் சேர்ந்திருக்கிறது. கோயில் கமிட்டி அச்சாரம் கொடுத்துவிட்டது என்பதால் இந்த உரிமை கமிட்டிக்குப் போய்விடாது. ஒரே பக்கத்தில் தமிழில் எழுதுங்கள்: எதற்காகப் பதிவு, எங்கே வைக்கப்படும், யூடியூபில் போடலாமா, பணம் வந்தால் யாருக்கு எவ்வளவு, வேண்டாம் என்று பிறகு சொன்னால் எடுத்துவிடுவீர்களா. பக்கவாத்தியக்காரர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டி, அவர் வாயால் சம்மதம் சொல்வதைப் பதியுங்கள். சினிமா மெட்டு ஏதாவது பாடியிருந்தால் அதை விட்டுவிட்டு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் உரிமை கோரி நோட்டீஸ் வரும், வரும் காசும் வேறு எங்கோ போகும்.

மூலத்துக்கு மூன்று பிரதி: ஒன்று உங்களிடம், ஒன்று ஐயா வீட்டில் பென்டிரைவில், ஒன்று வேறு ஊரில். கோப்பின் பெயரில் தேதி, ஊர், பாட்டு வரிசை எண் இருக்கட்டும். கூடவே பாட்டின் முதல் அடி, பாடியவர், வாத்தியம், தொடங்கும் நேரம் எழுதிய ஒரு தாள். அது இல்லாத பதிவைப் பத்து வருஷம் கழித்து யாராலும் பயன்படுத்த முடியாது. 1982-இல் தொடங்கி, இப்போது குருகிராமில் இருக்கும் இனஇசையியல் ஆவணக் காப்பகம் (ஏ.ஆர்.சி.இ.) இத்தகைய கள ஒலிப்பதிவுகளைப் பாதுகாத்து வருகிறது, எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

---

வெள்ளாறு எழுதியது:

கேசட் கேள்வி விட்டுப் போனது. உடனே டெக்கில் போடாதீர்கள். சன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் அது டெக்கில் நாடாவை வாசிக்கும் தலையையும் கெடுத்து அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியே எடுத்து வைத்து, அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். நாடாவை அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தால் சத்தம் மங்கும். ஸ்க்ரூ போட்ட கூடு என்றால் நல்ல கேசட் ஒன்றின் கூட்டுக்கு நாடாவை மாற்றலாம். கேசட்டின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தாவல்களையும் முதலில் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் ரெக்கார்ட் பொத்தான் அழுத்தினாலும் அழியாது. ஒருமுறை முன்னால் முழுக்க ஓட்டி, பின்னால் முழுக்க ஓட்டிய பிறகு வாசியுங்கள். டெக்கின் தலையை ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, தலையின் சாய்வை மாற்றும் அசிமத் திருகைக் காதில் உடுக்கைச் சத்தம் மிகக் கூர்மையாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். கேசட்டுக்குக் கேசட் இது மாறும். டெக்கில் இரைச்சல் குறைக்கும் டால்பியை அணைத்தே பதியுங்கள், 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்.

வேகம் சரியா என்று எப்படித் தெரியும்? ஐயா அன்று பயன்படுத்திய ஆர்மோனியம் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். ரீடு மாற்றாத பெட்டி என்றால் அதன் சுருதி பெரிதாக நகர்ந்திருக்காது. கேசட்டில் கேட்கும் ஆதார சுருதியையும் அந்தப் பெட்டியின் கட்டையையும் செல்போன் டியூனரில் ஒப்பிட்டால் எத்தனை சதவீதம் வேகம் கூடியது, குறைந்தது என்று கணக்கு கிடைத்துவிடும். பெட்டி இல்லாவிட்டால் அன்று எத்தனை கட்டையில் பாடினார் என்று அவரிடமே கேளுங்கள். நாலரைக் கட்டை என்று சொல்லி கேசட்டில் ஐந்து கேட்டால், பதிந்த டெக் மெதுவாக ஓடியிருக்கிறது அல்லது உங்கள் டெக் வேகமாக ஓடுகிறது. இரண்டாவது கேசட்டையும் போட்டுப் பாருங்கள். எல்லாமே ஒரே அளவு கூடினால் பெரும்பாலும் குறை உங்கள் டெக்கில்தான், மோட்டார் பின்பக்கத்து ஓட்டையில் சின்ன ஸ்க்ரூடிரைவர் விட்டு வேகத்தைக் குறைக்கலாம்.